எதிர்வுகூறலுக்குக் காரணமும் வேண்டும், பதிவேடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில், ஐக்கிய அமெரிக்காவின் என்.எஃப்.எல். (எங்கள் உதைபந்தாட்டம் போலன்றி, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுகின்ற அமெரிக்க உதைபந்தாட்ட லீக்) அணிகள் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவுசெய்யும் ட்ராஃப்ட் நடைபெறுகின்றது. அங்கு வியாழன் இரவு தொடங்கும் முதற்சுற்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்களுக்கு வெள்ளி காலை 5.30 மணி. அந்த நேரத்தில் எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் கைபேசியும் கையுமாக விழித்திருந்து, கனடாவின் ஸ்காபரோவிலும் ஏஜக்ஸிலும் இருக்கும் மச்சான்மாரோடு வாதாடிக்கொண்டிருப்பதை நான் கண்டு வருகின்றேன். அவர்களிற் பெரும்பாலானோரின் அணி பஃபலோ பில்ஸ். ரொறன்ரோவிலிருந்து வீதிவழியே ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஊரின் அணி என்பதாலும், 2008 முதல் 2013 வரை தன் ஆட்டங்கள் சிலவற்றை ரொறன்ரோவிலேயே ஆடிய அணி என்பதாலும், அங்குள்ள எம்மவரின் பிள்ளைகளுக்கு அது சொந்த அணியாகிவிட்டது. அந்தப் பற்று உறவு வழியாக இங்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

தம் அணி யாரைத் தெரிவுசெய்யும், எந்த இடத்தை எவருக்குக் கொடுத்து எதை வாங்கும் என்று இந்த இளைஞர்கள் வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதி வைக்கின்றார்கள். இதை வீண்வேலை என்று பெரியவர்கள் பலரும் கடிந்துகொள்ளக் கேட்டிருக்கின்றேன். பாடசாலையிற் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தக் கருத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. அந்த முயற்சியில் இருக்கும் சிந்தனையை எங்கள் மண்ணின் விளையாட்டுக்கும் பயன்படுத்த உங்கள் பத்திரிகையால் உதவ முடியும் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். 32 அணிகள், 7 சுற்றுகள். முந்திய பருவகாலத்தில் மிகவும் பின்தங்கிய அணி முதலாவதாகத் தெரிவுசெய்யும். வெற்றிக்கிண்ணம் பெற்ற அணி கடைசியிற் தெரிவுசெய்யும். தெரிவு வரிசையில் தனக்குரிய இடத்தை ஓர் அணி இன்னோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வேறு இடங்களையோ, அடுத்த ஆண்டின் இடத்தையோ, ஆடிக்கொண்டிருக்கும் வீரர் ஒருவரையோ பெற்றுக்கொள்ளலாம். 1994இல் கொண்டுவரப்பட்ட சம்பள உச்சவரம்பு இருப்பதால் எந்த அணியும் பணத்தை அள்ளி வீசி எல்லாரையும் வாங்கிவிட முடியாது. 2025ஆம் ஆண்டில் அந்த வரம்பு ஓர் அணிக்கு 279.2 மில்லியன் டொலர். ஆகவே ஒழுங்காக எதிர்வுகூற விரும்பும் இரசிகன், தன் அணியில் எந்த இடம் வெறுமையாக இருக்கின்றது, எவருடைய ஒப்பந்தம் முடிகின்றது, தனக்கு முன்னால் தெரிவுசெய்யும் அணிகளின் தேவைகள் யாவை, தனக்கு வேண்டிய வீரர் அதுவரை மிஞ்சியிருப்பாரா என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு போகவேண்டியிருக்கின்றது. பெயர்பெற்ற வீரர் எங்கள் அணிக்கு வரவேண்டும் என்று ஆசைப்படுவதற்கு இவற்றுள் எதுவும் தேவையில்லை. ஆசையையும் கணிப்பையும் பிரித்தறியப் பழகுவது இளம் வயதிற் கிடைக்கக்கூடிய மிக நல்ல பயிற்சி என்பது என் உறுதியான எண்ணம்.

பஃபலோ அணியின் வரலாறே இதற்குப் போதிய பாடமாக இருக்கின்றது. 2017இல் தன்னிடமிருந்த 10ஆவது இடத்தை அந்த அணி கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணிக்குக் கொடுத்து, 27ஆவது, 91ஆவது இடங்களையும் அடுத்த ஆண்டின் முதற்சுற்று இடமொன்றையும் பெற்றது. 10ஆவது இடத்தில் கன்சாஸ் சிற்றி தெரிவுசெய்தது பற்றிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை. அதாவது, பந்தை எறிந்து ஆட்டம் முழுவதையும் நடத்துகின்ற வீரரை. அதன்பின் 2021 ஜனவரி தொடக்கம் 2025 ஜனவரி வரையான காலத்தில் இறுதிக்கட்ட ஆட்டங்களில் அவருடைய அணியிடம் பஃபலோ நான்கு முறை தோற்றது. அந்தப் பரிமாற்றத்தைச் செய்த அன்றைக்கு எத்தனை இரசிகர்கள் அதைக் கெட்டித்தனம் என்று எழுதியிருப்பார்கள், அவர்களுள் எத்தனை பேர் அதற்கான காரணத்தையும் உடன் எழுதி வைத்திருப்பார்கள் என்று அறிய எனக்கு ஆவலாக இருக்கின்றது.

மறு ஆண்டு நடந்தது இதனிலும் சுவையானது. டலஸ் கௌபோய்ஸ் அணியின் பயிற்றுநராக இருந்த ஜிம்மி ஜோன்சனின் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெறுமதி குறித்து அட்டவணையொன்று தயாரிக்கப்பட்டது. முதலாம் இடத்துக்கு 3000 புள்ளிகள். அங்கிருந்து படிப்படியாகக் குறையும். இன்றுவரை இரசிகர்கள் பரிமாற்றங்களை அளந்துபார்ப்பதற்கு அதையும், அதன் பின்வந்த அட்டவணைகளையும் எடுத்துக்கொள்கின்றார்கள். 2018இல் பஃபலோ 12, 53, 56ஆவது இடங்களை ரம்பா பே அணிக்குக் கொடுத்து 7ஆவது இடத்துக்கு முன்னேறியது. அந்த அட்டவணைப்படி கொடுத்தது 1910 புள்ளிகள். 7ஆவது இடத்தின் பெறுமதி 1500 புள்ளிகள். மேலதிகமாகப் பெற்ற 255ஆவது இடம் கணக்கில் எடுக்கத்தக்கதன்று. கணக்கு மட்டும் பார்த்தவர்களுக்கு அது நட்டமான பேரம். அந்த இடத்தில் அவர்கள் தெரிவுசெய்த ஜோஷ் அலன் என்ற குவார்ட்டர்பேக், பல்கலைக்கழக ஆட்டங்களில் எறிந்த பந்துகளுள் 56 வீதமளவே சரியாகச் சென்று சேர்ந்தன; முதற் பருவகாலத்தில் அது 52.8 வீதமாகியது. பிழையான தெரிவு என்று அப்போது சொன்னவர்களின் கையில் ஆதாரம் இருந்தது. ஆனால் 2020இல் அதே வீரரின் வீதம் 69.2. 2024ஆம் ஆண்டுப் பருவகாலத்தின் அதிசிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஒரு தெரிவு சரியா பிழையா என்பதை மறுநாட் காலையில் முடிவுகட்ட முடியாது. மூன்று, நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்து, அன்றைக்கு எழுதியதை எடுத்து வைத்துப் பார்க்கவேண்டும்.

இன்னொரு பரிமாற்றத்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2020இல் பஃபலோ தன் 22ஆவது இடத்தையும் வேறு சில பிந்திய இடங்களையும் மினசோற்றா வைக்கிங்ஸ் அணிக்குக் கொடுத்து, ஸ்ரெஃபொன் டிக்ஸ் என்ற பந்துபிடி வீரரைப் பெற்றது. அந்த ஆண்டே அவர் 127 பந்துகளைப் பிடித்து 1535 யார் தூரம் கொண்டுசென்று இரண்டிலும் முழு லீக்கிலும் முதலிடம் பெற்றார். 22ஆவது இடத்தைப் பெற்ற மினசோற்றா தெரிவுசெய்த ஜஸ்ரின் ஜெஃபர்சனோ, தன் முதலாம் ஆண்டிலேயே 1400 யார் தூரத்தை எட்டி, 2022இல் 1809 யார் தூரத்தோடு அனைவரையும் முந்தினார். யார் ஏமாந்தார் என்று கேட்டுப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு, இருவரும் நன்மை பெறுகின்ற பேரமும் உலகில் உண்டு என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒருவருக்கு உடனே பயன்படும் வீரர் தேவைப்பட்டார்; மற்றவருக்குக் குறைந்த சம்பளத்தில் நெடுங்காலம் ஆடக்கூடிய இளையவர் தேவைப்பட்டார்.

எதிர்வுகூறலிற் தோற்றுப்போகும் இளைஞர்கள் மனம் சோரத் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. கேட் மசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் (பின்னவர் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்) இந்த ட்ராஃப்ட் முறையையே ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் ஆடுகின்ற வீரர்களுள் முன்னதாகத் தெரிவானவர், அவருக்கு அடுத்ததாகத் தெரிவானவரிலும் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 52 வீதம் மட்டுமே என்று கண்டார்கள். அது நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். ஆட்களை அனுப்பிப் பார்த்தும், அளந்தும், நேர்கண்டும் தெரிவுசெய்கின்ற அணிகளின் நிலையே இதுவென்றால், கொக்குவிலில் இருந்துகொண்டு கணிக்கின்ற ஒரு மாணவன் பிழைவிடுவதில் என்ன குறை இருக்கின்றது? அவன் காரணம் எழுதினானா, எழுதிய காரணத்தைப் பின்னர் திருப்பிப் பார்த்தானா என்பவைதாம் நான் ஓர் ஆசிரியனாகக் கேட்கின்ற கேள்விகள்.

இனி என் கவலைக்கு வருகின்றேன்.

அங்கே ஓர் இரசிகனால் இவ்வளவு நுணுக்கமாகக் கணிக்க முடிவதற்குக் காரணம் அவனுடைய மூளைத்திறன் மட்டுமன்று. ஒவ்வொரு பல்கலைக்கழக ஆட்டத்தின் முழுப் பதிவும் பொதுவெளியில் இருக்கின்றது. வீரர்களின் உயரம், நிறை, 40 யார் ஓடுவதற்கு எடுக்கும் நேரம் ஆகியன ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸில் அளக்கப்பட்டு வெளியிடப்படுகின்றன. மேலே சொன்ன ஜோஷ் அலன் கலிபோர்னியாவின் ஃபயர்போ என்ற சிறிய விவசாய ஊரைச் சேர்ந்தவர். பாடசாலையை விட்டு வெளியேறியபோது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவரை அழைக்கவில்லை. அவர் சிறு கல்லூரி ஒன்றிற் சேர்ந்து ஆடி, தன் ஆட்டப் பதிவுகளை மின்னஞ்சலிற் பயிற்றுநர் பலருக்கும் தானே அனுப்பி, அதன் வழியாக வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றார். அனுப்புவதற்கு அவரிடம் பதிவு இருந்தது.

எங்கள் பிள்ளைகளிடம் என்ன இருக்கின்றது? லங்கா பிரீமியர் லீக் துடுப்பாட்டத்தில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிற் கிண்ணம் வென்றது. அந்தச் சுற்றுப்போட்டியும் முதல் மூன்று ஆண்டுகள் ட்ராஃப்ட் முறையிலும் 2023இல் ஏல முறையிலும் வீரர்களைத் தெரிவுசெய்தது. அந்த நேரங்களில் எங்கள் இளைஞர்களும் பட்டியல் போட்டார்கள். வெளிநாட்டு வீரர்களைப் பற்றி எழுதும்போது சராசரி, ஓவருக்குக் கொடுத்த ஓட்டங்கள், எந்த ஆடுகளத்தில் எப்படி ஆடுவார் என்பதெல்லாம் வரும். வடக்கு வீரர்களைப் பற்றி எழுதும்போது "இவரையும் சேர்க்கவேண்டும்" என்ற ஒற்றை வரியே வரும். அதற்கு மேல் எழுத அவர்களிடம் எந்தத் தரவும் இல்லை. யாழ். மத்திய கல்லூரியில் ஆடிய விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020இல் அந்த அணியில் இடம்பெற்று, 2024இல் ஐ.பி.எல். தொடரிற் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகவும் பந்துவீசியபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அவரோடு அதே பருவகாலங்களிற் பாடசாலைத் துடுப்பாட்டம் ஆடியவர்கள் எத்தனை ஓவர்கள் வீசினார்கள், எத்தனை இலக்குகளை வீழ்த்தினார்கள் என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவோம்?

யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதுகின்ற, 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்' துடுப்பாட்டத்துக்கு உங்கள் பத்திரிகை உரிய இடம் கொடுக்கின்றது; அது மகிழ்ச்சிக்குரியது. மற்றைய பாடசாலை ஆட்டங்களுக்கு வெற்றி தோல்வியும் இரண்டொரு பெயர்களும்தாம். உதைபந்தாட்டத்தின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. நாவாந்துறை, பாசையூர், குருநகர், இளவாலை, மயிலிட்டி என்று கரையோரக் கிராமங்களெங்கும் தலைமுறை தலைமுறையாக உதைபந்தாட்டம் வளர்ந்திருக்கின்றது. துரையப்பா விளையாட்டரங்கில் ஓர் இறுதியாட்டம் என்றால் சனம் எப்படித் திரளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மறுநாட் செய்தியிற் கோல் போட்டவரின் பெயரைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. பின்வரிசையில் நின்று ஆட்டம் முழுவதும் எதிரணியின் முன்னோக்கிய ஆட்டத்தை மறித்த பிள்ளையின் பெயர் எங்கும் பதிவாகாமற் போய்விடுகின்றது. அந்தப் பிள்ளையை நாளைக்கு எந்தத் தேர்வாளர் தேடி வருவார்?

ஆகையாற் பின்வரும் வேண்டுகோளை உங்கள் முன் வைக்கின்றேன். பாடசாலை, கழக ஆட்டங்களின் முழு விபரத்தையும் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள். துடுப்பாட்டமெனில் இரு அணிகளின் முழுமையான ஓட்ட விபரமும் பந்துவீச்சு விபரமும் வேண்டும். உதைபந்தாட்டமெனில் தொடங்கிய பதினொருவர், மாற்று வீரர்கள், கோல் விழுந்த நிமிடங்கள், காட்டப்பட்ட அட்டைகள், கோல்காப்பாளர் தடுத்த பந்துகள் ஆகியவை போதும். பொறுப்பாசிரியர்களிடம் ஏற்கனவே இருக்கும் ஓட்டப் பதிவுப் புத்தகத்தின் பக்கத்தைக் கைபேசியிற் படம்பிடித்து அனுப்பச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தத் தரவுகள் ஒரு பருவகாலம் சேர்ந்த பின்னர், மாகாண அணிக்கோ லங்கா பிரீமியர் லீக் அணிக்கோ வீரர்கள் தெரிவாகும் காலத்தில், வாசகர்களின் எதிர்வுகூறல்களைக் கோருங்கள். பெயரோடு காரணமும் எழுதாதவற்றை நிராகரியுங்கள். அச்சிட்டவற்றைப் பத்திரமாக வைத்திருந்து, பருவகாலம் முடிந்ததும் பெறுபேறுகளோடு மீண்டும் பிரசுரியுங்கள். பணப்பரிசு எதுவும் வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கின்றேன். பந்தயம் கட்டும் செயலிகள் எங்கள் பிள்ளைகளின் கைபேசிக்குள் புகுந்துவிட்ட காலம் இது. பணம் கலந்த இடத்திற் காரணத்தை ஆராயும் பொறுமை நிலைப்பதில்லை.

அனுப்பப்படும் பதிவுகளைத் தொகுத்து, கூட்டிச் சரிபார்த்து, அச்சுக்கு ஏற்ற வடிவிற் தருவதற்கு நானும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலரும் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கின்றோம். வரும் பருவகாலத்தின் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களிலிருந்து இதைத் தொடங்கலாம் என்பது எங்கள் விருப்பம். உங்கள் விளையாட்டுப் பகுதிப் பொறுப்பாளர் நேரம் குறித்தால், அலுவலகத்துக்கு வந்து மாதிரிப் பக்கமொன்றைக் காட்டுவோம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.