கனோசாவோடு முடியவில்லை

ஆசிரியருக்கு,

1077 ஜனவரியில் ஜெர்மன் மன்னர் நான்காம் ஹென்றி, திருச்சபை விலக்கை நீக்கக் கோரி, இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்ததோடு ஆயர்களை (பிஷப்புகளை) நியமிப்பது யார் என்ற போப்–மன்னர் சண்டை தீர்ந்தது என்றே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வடசென்னைப் பிள்ளைகள் பலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. 1080-இல் போப் ஏழாம் கிரகோரி அவரை மறுபடி திருச்சபையிலிருந்து விலக்கினார். 1084-இல் ஹென்றி ரோமையே பிடித்தார்.

தீர்வு 1122 வோர்ம்ஸ் உடன்படிக்கையில்தான். ஆயருக்கு ஆன்மிகப் பதவியின் அடையாளமான மோதிரமும் கோலும் திருச்சபை தரும். நிலவுரிமைக்கான செங்கோலை மன்னர் தருவார். சூட்சுமம் வரிசையில் இருக்கிறது. ஜெர்மனியில் செங்கோல் முதலில், அபிஷேகம் பிறகு. ஆயர் தேர்தலும் மன்னர் முன்னிலையில். பிடிக்காதவரை அவர் தடுக்க அதுவே போதும். இத்தாலியிலும் பர்கண்டியிலும் அபிஷேகம் முதலில், ஆறு மாதத்துக்குள் செங்கோல். அங்கே மன்னர் பிடி தளர்ந்தது.

வரலாற்று ஆசிரியர்கள்,
ராயபுரம், சென்னை.