நுனிப்புல் என்று சொல்லாதே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. டெவ்ரெல் வேலைக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தும் நிரலாளர்களுக்குக் கைகொடுக்கும் வேலைக்கு, உன்னைக் கேட்கிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "எல்லாம் நுனிப்புல்தான், எதிலும் ஆழமில்லை" என்று தயங்குகிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஏபிஐயை (ஒரு நிரல் இன்னொரு மென்பொருளை அழைக்கும் வழி) தேடி வருபவர்களில் ஒருவர் பைத்தான் மொழிக்காரர், ஒருவர் கோ மொழியில் எழுதுபவர், இன்னொருவர் விண்டோஸைத் தாண்டாதவர். மூவர் நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்க்க, பலதையும் தொட்டுப் பழகிய உன் மாதிரி ஆள்தான் வேண்டும்.

சேர்ந்த முதல் வாரமே புத்தம்புது விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) ஒன்றில் அந்த ஏபிஐயின் தொடக்க வழிகாட்டியை எழுத்து பிசகாமல் செய்து பார். உன் லேப்டாப் வேண்டாம். தேவையானதெல்லாம் அதில் ஏற்கெனவே இருப்பதால் ஓட்டைகள் கண்ணில் படாது. எங்கே நின்றாய், எத்தனை நிமிடம், திரையில் என்ன பிழைச்செய்தி வந்தது என்று அப்போதைக்கப்போது குறித்துக்கொள். இதைத்தான் ஃப்ரிக்‌ஷன் லாக் என்பார்கள். விடை தெரிந்தாலும் தாண்டிப் போகாதே.

என்ன அகப்படும் என்றா கேட்கிறாய்? வழிகாட்டியின் முதல் வரியே பெரும்பாலும், இணையம் வழியே கோரிக்கை அனுப்பும் ஒரு கர்ல் (curl) கட்டளைதான். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் பவர்ஷெல் 5.1-இல் 'கர்ல்' என்பது இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் என்ற வேறொரு கட்டளைக்கு வைத்த மாற்றுப்பெயர். அது ஹெடரை (கோரிக்கையோடு போகும் கூடுதல் தகவல்) வெறும் எழுத்துச் சரமாக ஏற்காது, பெயரும் மதிப்பும் ஜோடி சேர்ந்த டிக்‌ஷனரியாகக் கேட்கும். லினக்ஸில் ஓடிய வரி அங்கே சிவப்பாகக் கத்தும். ஏபிஐ சாவியில்தான் (அனுமதிக்கான ரகசியக் குறியீடு) கோளாறு என்று நினைத்து, பாவம், புதியவர் அதையே மாற்றி மாற்றிப் போடுவார். 'கர்ல்.எக்ஸி' என்று எழுதினால் அசல் கர்லே ஓடும், அந்தச் சிக்கல் தீர்ந்தது. டெபியன் 12 என்ற லினக்ஸில், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவி அவற்றை நேரடியாக நிறுவ மறுக்கும். அங்கே முதலில் வென்வ் (அந்தத் தொகுப்புகளுக்கான தனி இடம்) உருவாக்கச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் குறையாகக் கொண்டுபோய்க் கொட்டாதே. பிழையை மறுபடி வரவழைக்கும் படிகளையும் திருத்திய வரியையும் புல் ரிக்வெஸ்ட்டாகவே (திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) கொடு, குழு உன்னை நம்பத் தொடங்கும். மாதிரி நிரல்களை ஆவணத்துக்குள் ஒட்டி வைக்காமல் தனி ரெப்போவில் (நிரல்களைச் சேமிக்கும் இடம்) போட்டு, தினமும் ஒருமுறை சிஐயில் (நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) ஓடவிடு. நிரல் பயன்படுத்தும் லைப்ரரி மாறி அது உடைந்தால், பயனர் சொல்வதற்குமுன் உனக்குத் தெரிந்துவிடும்.

மேடைப் பேச்சுக்கு இப்போதே கவலைப்படாதே, பேச விஷயம் அந்த லாகிலிருந்தே கிடைக்கும். விருப்பக்குறிகளையும் எண்ணிக்கொண்டிருக்காதே. பதிவு செய்தவருக்கு முதல் வெற்றிகரமான ஏபிஐ அழைப்பு வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று அள.

முதல் லாகை முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. பவர்ஷெல் பகுதியை நானும் ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்