அந்தக் கரையைச் சும்மா விடச் சொல்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, வேலை விடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மகள் படிப்பை முடித்துவிட்டாள், என் முழங்கால் வலி பழையபடிதான். சரி, அதெல்லாம் நேரில். நீ எழுதிய ஆற்று விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆற்றைத் தூர்வாரி, புதரையெல்லாம் வெட்டி, இரண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் எழுப்பி நடைபாதை போடப்போகிறார்கள், குப்பையாவது ஒழியுமே என்று எழுதியிருந்தாய். குப்பை ஒழியட்டும், சாக்கடை கலப்பதையும் நிறுத்தட்டும். ஆனால் சுவர் வேண்டாம்டா. மீன்கொத்தி செங்குத்தான மண்கரையைக் குடைந்து, உள்ளே தள்ளித்தான் முட்டை வைக்கும். காங்கிரீட்டில் அது எங்கே போய்க் குடையும்? நீர்நாய் பதுங்குவது வேரடியிலும் பாறை இடுக்கிலும். தண்ணீரில் சாய்ந்து கிடக்கிற மரத்தை நாம் அசிங்கம் என்கிறோம், மீன்குஞ்சு ஒளிந்து பிழைப்பதே அதற்குள்தான். இதையெல்லாம் துடைத்தெடுத்த பிறகு தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் அது வாய்க்கால்தான்.

ஒன்று செய். ஆழமில்லாத இடமாகப் பார்த்து, ஓட்டத்தில் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டு. மணல்துகள்களை ஒவ்வொன்றாக ஒட்டிக் குட்டிக் குழாய் மாதிரி கூடு கட்டிக்கொண்டு அடியில் ஒரு புழு இருக்கலாம். மூன்று வால்நுனியோடு தட்டையாக ஒரு பூச்சிக்குஞ்சு விலகி ஓடலாம். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல் போகிறவர்களில் இவர்களும் உண்டு. பாட்டிலில் பிடித்த தண்ணீர் அன்றைய நிலவரத்தைச் சொல்லும், இந்தப் புழுக்கள் பல மாதக் கதையைச் சொல்லும். பார்த்துவிட்டுக் கல்லை இருந்தபடியே வைத்துவிடு, அது அவர்கள் வீடு.

தூர்வாருகிற சாக்கில் மணலையும் அள்ளுவார்கள், அதையும் கவனி. கரியால் முதலை மணல்திட்டில் குழி தோண்டித்தான் முட்டையிடும், திட்டு போனால் முட்டையிட இடமில்லை. அணை இன்னொரு தொல்லை. சீனாவின் யாங்சி ஆற்றில் முட்டையிட மேலே போகும் சீனத் துடுப்புமீனின் வழியை 1981-இல் கெஜோபா அணை அடைத்தது, 2022-இல் அந்த மீன் அழிந்தே போனதாக அறிவித்துவிட்டார்கள். அதே ஆற்றில் வாழ்ந்த பைஜி என்ற டால்பினைத் தேடி 2006-இல் போன ஆய்வுக் குழுவின் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அங்கே மீன்பிடிக்குப் பத்தாண்டுத் தடை வந்தது 2021-இல். இந்த இரண்டுக்கும் அது உதவவில்லை, மிச்சமிருப்பவற்றுக்காவது உதவினால் சரி.

விட்டுக்கொடுத்தால் ஆறு எவ்வளவு சீக்கிரம் எழுந்துகொள்கிறது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை இடித்தார்கள். 2024-இல் வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 1912-க்குப் பிறகு சால்மன் மீன் எட்டிப் பார்க்காத மேல்பகுதிக்கு அது வந்து சேர்ந்தது. அதற்காகப் பூர்வகுடி மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், தானாக ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் கூட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்காதே. நடைபாதையைக் கரையிலிருந்து தள்ளிப் போடச் சொல், வெள்ளம் வந்தால் பரவவும் இடம் கிடைக்கும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் கரையில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று எழுத்தில் கேள். வரைபடம் கையில் கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்பு, ஆட்சேபணைக் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். கூட்டம் என்றைக்கு என்று நீ சொல்லவே இல்லையே?

அன்புடன்,
சேகர்