விண்ணப்பப் படிவத்தில் தோற்கும் பாடசாலைகள்

ஆசிரியருக்கு,

பாடசாலை விட்ட பின்னர் நடத்தும் விஞ்ஞான, தொழில்நுட்ப வகுப்புகளுக்கான நிதியுதவிக்குக் கிராமப் பாடசாலைகள் விண்ணப்பிக்க முன்வருவதில்லை என்ற செய்தியைத் தங்கள் பத்திரிகையில் படித்தேன். ஆர்வமின்மையே காரணம் என்ற தொனி அதில் இருந்தது. ஆர்வத்துக்கு இங்கே குறைவில்லை; படிவம்தான் வழியை மறிக்கிறது. தீவகத்துப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த காலத்தில், இருபது பிள்ளைகளுக்கான இலத்திரனியல் பயிற்சிக்கு விண்ணப்பித்தோம். ஆங்கிலத்தில் பன்னிரண்டு பக்கங்கள். ஈயம் பற்றவைக்கும் கருவிக்கு மூன்று கடைகளின் விலைமனு கேட்டார்கள், யாழ். நகரில் நாங்கள் தேடிக் கண்டது இரண்டே கடைகள். மூன்றாவது விலைமனு கொழும்பிலிருந்து தபாலில் வந்து சேர்ந்தபோது முடிவுத் திகதி கடந்துவிட்டது. கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பிள்ளைகளை வீடு சேர்க்கும் செலவை எழுதவோ அந்தப் படிவத்தில் இடமே இருக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். இன்று ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் ஏற்பதற்கு என்ன தடை? சிறு தொகைகளுக்கு இரண்டு பக்கத் தமிழ்ப் படிவமே போதும். போக்குவரத்துக்கும் தேநீருக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கட்டும். முடிவுத் திகதிக்கு இரு வாரங்களுக்கு முன்னரே, வலயக் கல்வி அலுவலகங்கள் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்க ஒரு நாளை ஒதுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
வேலணை.