பந்தலின் மறுபக்கத்திலிருந்து ஒரு நன்றி மடல்

பங்குனி உத்திரத்திற்குக் கொடுமுடியிலிருந்து பழனி வரை நடந்த எங்கள் தீர்த்தக்காவடிக் குழுவுக்கு வழியெங்கும் துணை நின்ற அனைவருக்கும் வணக்கம்.

முத்தூர்ச் சாலையில் எங்கள் தோட்டத்து முகப்பில் 20 ஆண்டுகளாகப் பங்குனி மாதத்தில் நீர்மோர்ப் பந்தல் போட்டு வருகிறோம். தீர்த்தம் சுமந்து போகிறவர்களுக்கு மோரும் பானகமும் ஊற்றிக் கொடுத்துப் பழகியதில், பாதயாத்திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு இனி ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். என் கணவரின் இதய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக நேர்ந்துகொண்டு, இந்த ஆண்டு, என் 58ஆம் வயதில், முதன்முறையாக நானே நடந்தேன். உதவியவர்கள் பலரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டதால், இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

குழுவை நடத்திய பெரியவருக்கு முதல் வணக்கம். காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடியில் முழுகி, மகுடேசுவரரையும் வீரநாராயணப் பெருமாளையும் வன்னி மரத்தடிப் பிரம்மாவையும் வணங்கிய பின், தீர்த்தம் கெடாமலிருக்க வன்னி இலையைப் போட்டுக் கலசத்தின் வாயைக் கட்டித் தந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "நம்மள்ல யாரு மெதுவா நடக்கறாங்களோ, அவிங்க முன்னால போகோணும்." இரண்டாம் நாள் முன்னால் போனவள் நான்தான். எனக்குப் பின்னால் எட்டி நடக்கக்கூடிய இளைஞர்கள் அத்தனை பேரும் என் அடியை அளந்து நடந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

முதல் நாள் வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் பந்தலுக்கே வந்து சேர்ந்தோம். மருமகள் ஊற்றித் தந்த மோரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று சுற்றிப் பார்த்தேன். உட்கார ஒரு பெஞ்சு இல்லை. "குடிச்சுட்டு நகருங்க சாமி, பின்னால கூட்டம் நிக்குது" என்று எங்கள் தோட்டத்துப் பையன் பணிவாகத்தான் சொன்னான். ஆண்டுதோறும் நான் சொல்லிவந்த அதே சொல் அது. செருப்பில்லாத கால்கள் தார்ச்சாலையில் சுட்டு எரிய நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வெள்ளகோவிலுக்கு அப்பால், சாலையோர வீடு ஒன்றின் வாசலில் விடிவதற்கு வெகுநேரம் முன்பே விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி பெரிது. "ஏனுங்க கூச்சப்படறீங்க, உள்ளார வாங்க, பாத்ரூமுல தண்ணி புடிச்சு வெச்சிருக்கறேன்" என்று பெண்கள் ஒவ்வொருவரையும் அவர் அழைத்தார். எங்கள் பந்தலில் பெண்கள் இரண்டாவது டம்ளர் மோரை மறுக்கும்போதெல்லாம் விரதம் என்று நினைத்துக்கொள்வேன். ஒதுங்க இடமில்லாத வழியில் தாகத்தை அடக்கிக்கொண்டுதான் அவர்கள் நடந்திருக்கிறார்கள் என்பதை நானும் அப்படியே நடந்த பிறகே அறிந்தேன். 20 ஆண்டுகள் மோர் ஊற்றிய நான் ஒரு பெண்ணிடம்கூட இதைக் கேட்டதில்லை. அந்த அம்மா அதைக் கேட்காமலே அறிந்திருந்தார்.

அதன் பின் வெயிலுக்கு முந்திக்கொள்ள இருளிலேயே நடந்தோம். கிளுவை வேலியிட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வெள்வேல மரத்தடியில் காங்கேயம் மாடுகள் படுத்திருந்ததை விடியல் வெளிச்சத்தில் கண்டது என் நினைவை விட்டு நீங்காது. லாரிகள் விரையும் சாலையில் ஒளிரும் பட்டைகளை எங்கள் பைகளில் ஒட்டிவிட்ட காவலர்களுக்கும், சுமைகளை ஏற்றி வந்த டெம்போ ஓட்டுநருக்கும் நன்றி.

தாராபுரத்து மண்டபத்தில் இரவு தங்கியபோது என் இரு பாதங்களிலும் கொப்புளம். பேரன் வயதுள்ள ஒரு பையன் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரும் துண்டுமாக வந்து, "காலக் குடுங்க சாமி" என்றான். அந்நியப் பிள்ளை என் காலைத் தொடுவதா என்று இழுத்துக்கொண்டேன். யாரிடமும் எதையும் வாங்காமல் வாழ்ந்ததை ஒரு பெருமையாகவே வைத்திருந்தவள் நான். "நீங்க குடுத்தாத்தானுங்க எனக்குப் புண்ணியம்" என்று அவன் சொன்னதும், நான் கொடுத்த மோரையெல்லாம் வாங்கிக்கொண்டவர்கள் எனக்குச் செய்தது என்ன என்பது விளங்கி, கண் கலங்கிவிட்டேன். கொப்புளத்தை உடைக்காமல் கழுவித் துடைத்து, துணி சுற்றிவிட்டான். அமராவதியைக் கடந்து பழனி வரையிலான 30 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை அந்தக் கட்டோடுதான் நடந்தேன்.

சண்முகநதியில் முழுகி, 693 படிகள் ஏறித் தீர்த்தத்தைச் சேர்த்தோம். கிரிவீதியில் நாங்கள் போட்ட காகிதக் கப்புகளைக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர்களை அன்று யாரும் நின்று வணங்கவில்லை. அந்த வணக்கத்தை இங்கே வைக்கிறேன்.

வரும் பங்குனிக்கு எங்கள் பந்தலில் எவர்சில்வர் டம்ளர்களே இருக்கும். வேப்பமர நிழலில் பெஞ்சுகளும், அண்டாவில் வெந்நீரும் உப்பும் வைப்போம். மோட்டார் ரூமை ஒட்டிப் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட என் கணவர் கொத்தனாரிடம் பேசிவிட்டார். நடப்பவர்களும் நடந்தவர்களும், இன்னும் என்ன வேண்டும் என்று எங்களிடம் சொல்ல வேண்டுகிறேன்.

தாராபுரத்துப் பிள்ளைக்கு ஒரு செய்தி. கால் துடைத்த துண்டை என் பையில் தவறுதலாக எடுத்து வந்துவிட்டேன். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் பஞ்சாமிர்தத்தோடு அதே மண்டபத்து வாசலுக்கு வந்து உன்னை விசாரிப்பேன்.

நன்றியுடன்,
முத்தூர்ச் சாலை மோர்ப்பந்தல் வீட்டு அம்மா