சுருள் கைகள்: நெரிசலோடு கதை முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான சுருள் கேலக்ஸிகள் (சுருள் வடிவ விண்மீன் மண்டலங்கள்) பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். 1845இல் ராஸ் பிரபு அயர்லாந்தில் தம் 72 அங்குலத் தொலைநோக்கியால் எம்51 என்ற கேலக்ஸியின் சுருளைக் கண்டு வரைந்ததில் தொடங்கி விறுவிறுப்பாகப் போகிறது. ஆனால் மையத்திலிருந்து சுருண்டு விரியும் கைகள் எப்படிக் கலையாமல் நிற்கின்றன என்ற இடம் வந்ததும், ‘சாலை நெரிசலைப் போல’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

உவமை தவறில்லை. சூரியன் நம் கேலக்ஸியான பால்வெளியின் மையத்தை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பிறந்ததிலிருந்து சுமார் 20 சுற்று முடித்திருக்கும். மையத்திலிருந்து சூரியன் இருக்கும் தொலைவில் பாதியில் உள்ள விண்மீனும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓடுவதால், அது அதற்குள் 40 சுற்று போயிருக்கும். ஒரு கையில் எப்போதும் அதே விண்மீன்கள்தான் இருக்கும் என்றால், அந்தக் கை இந்நேரம் இறுகச் சுற்றிக்கொண்டு அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்குத்தான் ஸ்வீடன் வானியலாளர் பெர்டில் லிண்ட்பிளாட் வழி காட்ட, சி.சி. லின்னும் ஃபிராங்க் ஷூவும் 1964இல் அடர்த்தி அலைக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். கை ஓர் அலை, விண்மீன்கள் நெருங்கிக் கூடும் இடம். வண்டிகள் மாறிக்கொண்டே இருந்தாலும் நெரிசல் நிற்பதைப் போல, விண்மீன்கள் அதற்குள் நுழைகின்றன, வெளியேறுகின்றன.

அந்த அலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இதற்கு நெரிசலிடம் பதில் இல்லை, ஒத்ததிர்விடம் (சரியான நேரத்தில் தள்ளத் தள்ள ஊஞ்சல் உயர்வது போன்ற விளைவு) இருக்கிறது. எந்த விண்மீனும் சீரான வட்டத்தில் போவதில்லை. சுற்றும்போதே மையத்தை நோக்கிச் சற்று நெருங்கியும் விலகியும் ஊசலாடுகிறது. உட்பகுதி விண்மீன்கள் கைகளைவிட வேகமாகச் சுற்றி அவற்றை முந்துகின்றன. இரண்டு கைகள் உள்ள கேலக்ஸியில் ஒரு கையைக் கடந்து அடுத்ததை எட்டுவதற்குள் ஓர் ஊசல் மிகச் சரியாக முடிந்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் கையின் ஈர்ப்பு அதே கட்டத்தில் இழுக்கும். விளைவு கூடிக்கொண்டே போகும். இதுதான் உள் லிண்ட்பிளாட் ஒத்ததிர்வு. வெளிப்புறத்தில் கைகள் விண்மீன்களை முந்தும்போது அதே கணக்கு மறுபடி பொருந்தும் இடம் வெளி ஒத்ததிர்வு. நடுவே, விண்மீனும் கையும் ஒரே வேகத்தில் சுற்றும் ஒரு வட்டம். இந்த எல்லைகளுக்கு இடையில்தான் அலைக்கு வாழ்வு. சனியின் வளையங்களிலும் இதே வகை அலைகளை வாயேஜர் கலங்கள் கண்டன. அளவில் எவ்வளவு வேறுபாடு, இயற்பியல் ஒன்றே!

ஒத்ததிர்வைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் என்ஜிசி 1097 என்ற கேலக்ஸியின் படத்தைப் பார்க்கலாம். அதன் நடுவில் விண்மீன்களாலான நீண்ட தண்டு, வாயுவை உள்நோக்கித் தள்ளுகிறது. உள் ஒத்ததிர்வை ஒட்டிய பகுதியில் அது தேங்கி, சுமார் 5,000 ஒளியாண்டு அகலமுள்ள வளையமாகி, புதிய விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கிறது.

விண்மீன் பிறப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதாமல் கையைக் கடந்துவிடும். வாயுவால் அது முடியாது. எம்51இல் கையின் உள்விளிம்பில் கரிய தூசிக் கோடு ஓடுவதைக் காணலாம். வாயு அமுங்கும் இடம் அது. அதை ஒட்டி ஹைட்ரஜனின் இளஞ்சிவப்புத் திட்டுகள், அடுத்து நீல விண்மீன்கள். மிகப் பெரிய நீல விண்மீன்களின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே என்பதால் பிறந்த கையைவிட்டு வெகுதூரம் போவதற்குள் மடிந்துவிடுகின்றன. கைகள் பளிச்சென்று தெரியக் காரணம் பெரும்பாலும் இவைதான்.

அதற்காக, ‘கைகள் இல்லையேல் விண்மீன் பிறப்பு இல்லை’ என்று கட்டுரையாளர் எழுதியதை ஏற்க முடியாது. எம்51 போன்ற எடுப்பான இரு கைகள் கொண்ட கேலக்ஸிகளையும், துண்டு துண்டான கைகள் கொண்டவற்றையும் புரூஸ், டெப்ரா எல்மெக்ரீன் தம்பதியர் ஒப்பிட்டு 1986இல் வெளியிட்ட ஆய்வில், இரு வகையிலும் விண்மீன் பிறப்பு வீதம் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. எப்படியும் பிறக்கவிருந்தவற்றை ஓரிடத்தில் திரட்டுவதுதான் அலையின் முக்கிய வேலை என்றே எனக்குப் படுகிறது.

ஒரு வேண்டுகோள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்து 2024 ஜனவரியில் வெளியான 19 சுருள் கேலக்ஸிகளின் படங்களில் ஒன்றைக் கட்டுரையோடு போட்டிருக்கிறீர்கள். அதில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது அகச்சிவப்புக் கதிர் வீசும் தூசி. சாதாரண ஒளியில் இதே தூசி கருப்பாகத் தெரியும். படத்தின் கீழே இதைக் குறிப்பிடாததால் அது விண்மீன் கூட்டம் என்றே பலரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த இதழில் ஒரு வரி விளக்கம் போட்டால் நல்லது.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்