ஷல் போடாத கடிதம்

ஸ்கார்பரோ, டொரொண்டோ
ஜனவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் பேசினால் பாதி காதில் விழவில்லை, மீதியை அம்மா பேசி முடித்துவிடுகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே இரவு 9 மணி. தென்காசியில் காலை 7.30, உங்களுக்கு இரண்டாவது காபி ஆகியிருக்கும். வெளியே மைனஸ் 12. குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே புலம்பிவிட்டதால் இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் மட்டும் போதாது, டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு செய்தி. நான் மறுபடி பள்ளிக்கூடம் போகிறேன், இங்கிலீஷ் படிக்க. சிரிக்காதீர்கள். குடியேறி வந்தவர்களுக்கு மத்திய அரசு காசு வாங்காமல் நடத்தும் வகுப்பு இது. 'லிங்க்' என்று பெயர், 1992இலிருந்து நடக்கிறது. சேர்வதற்கு முன்னால் ஒரு பரீட்சை வைத்தார்கள். படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது நான்கையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்கிறார்கள். மொத்தம் 12 படிகள். எழுத்தில் எனக்கு 7, பேச்சில் 4. அந்த 7 எனக்கு இங்கிலீஷ் வாத்தியாராகவும் இருந்த உங்களுடையது, 4 என்னுடையது. குடியுரிமை வாங்கப் பேச்சிலும் கேட்பதிலும் 4 போதும். ஆனால் அந்த நாலை வைத்துக்கொண்டு வேலையிடத்தில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் வேலை பார்க்கும் பேக்கரியில் சூப்பர்வைசர் போன மாதம், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். "ஐ கேன் கம்" என்றேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, தெளிவாக. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை விடிவதற்கு முன் பஸ் பிடித்துப் போய் நின்றால், என் இடத்தில் வேறொரு பெண் மாவு உருட்டிக்கொண்டிருக்கிறாள். முடியாது என்றுதானே சொன்னாய் என்கிறார் சூப்பர்வைசர். எட்டு மணி நேரச் சம்பளம் போச்சு.

டீச்சரிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இவர்கள் 'கேன்' என்பதை வாய்க்குள்ளேயே விழுங்கி 'க்ன்' என்று விட்டுவிட்டு, 'கம்' என்பதைத்தான் அழுத்துகிறார்கள். 'கேன்ட்' என்றால்தான் இழுத்துச் சொல்வது. அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை. ஆக, நான் அழுத்தந்திருத்தமாகச் சொன்ன 'கேன்' அவர் காதில் 'கேன்ட்' ஆகிவிட்டது. இப்போது தினமும் பஸ் ஸ்டாப்பில் நின்று 'ஐ க்ன் கம், ஐ க்ன் வெய்ட், ஐ க்ன் டூ இட்' என்று முணுமுணுக்கிறேன். வாய்வரை மஃப்ளர் சுற்றியிருப்பதால் யாருக்கும் தெரியாது. 'கம்' என்ற வினைக்குத் துணையாக வந்த 'கேன்' மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டுமாம். அதை நான் மணவறையில் உட்காரவைத்துவிட்டேன்.

வகுப்பில் பதினான்கு பேர். முதல் நாள் ஆளுக்கு ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். "ஐ டிரைவர்" என்றார் சிரியாக்காரர். உக்ரைன் அம்மா "மை ஹஸ்பண்ட் டாக்டர்" என்றார். 'ஆம்' எங்கே, 'இஸ்' எங்கே என்று டீச்சர் தேடினார். அரபியிலும் உக்ரைன் பாஷையிலும் நிகழ்காலத்தில் அந்தச் சொல்லே தேவையில்லையாம். நம் கதையும் அதுதானே? 'என் அப்பா வாத்தியார்' என்றால் முடிந்தது, நடுவில் எதையும் செருகுவதில்லை. 'அங்கே இஸ் மெயின் வெர்ப், ஹெல்பிங் வெர்ப் இல்லை' என்று நீங்கள் திருத்துவது எனக்குக் கேட்கிறது. சரிதான். 'ஷி இஸ் குக்கிங்' என்னும்போதுதான் அது இன்னொரு வினைக்குத் துணை. ஆனால் விட்டுப்போகிற பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான் அப்பா, 'ஷி குக்கிங்' என்றும் நாங்கள் கூசாமல் சொல்கிறோம்.

டீச்சர் பலகையில் 23 ஹெல்பிங் வெர்ப் எழுதிப் போட்டார். 'பி' குடும்பத்தில் எட்டு, 'ஹாவ்' மூன்று, 'டூ' மூன்று, அப்புறம் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்று ஒன்பது. உங்கள் சின்னப் பேரன் என் நோட்டைப் பார்த்துவிட்டு மெட்டுப் போட்டு ஒப்பிக்கிறான். நேற்று அவனிடம் "டிட் யூ ஏட்?" என்று கேட்டுவிட்டேன். "அம்மா, அதான் டிட் வந்தாச்சே, அப்புறம் எதுக்கு ஏட்? ஈட் போதும்" என்றான் முட்டையைத் தின்றுகொண்டே. காலத்தை 'டிட்' சுமந்துவிட்டால் மெயின் வெர்ப் கையை வீசிக்கொண்டு வரலாம். இதை நீங்கள் எட்டாம் வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! நான் பரீட்சையில் சரியாகவும் எழுதினேன். வாய்க்கு வர ஏழு வயசுப் பிள்ளை வேண்டியிருக்கிறது.

அடுத்தது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். 'ஷல்' இங்கே ஏறக்குறைய செத்துப்போயிற்று. 'ஐ, வீ வந்தால் ஷல்' என்று பிரம்பைத் தட்டிச் சொல்வீர்களே. ஆற்றில் விழுந்த வெளியூர்க்காரன் 'ஐ வில் டிரவுன், நோபடி ஷல் சேவ் மீ' என்று மாற்றிக் கத்தியதால், 'நான் மூழ்கியே தீருவேன், யாரும் காப்பாற்றக் கூடாது' என்கிறான்போல என்று கரையில் நின்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த கதையும் சொல்வீர்கள். அதை நம்பி பேக்கரியில் "ஐ ஷல் பிரிங் த ட்ரே" என்றேன். கூட வேலை செய்யும் பெண் குனிந்து மகாராணிக்குச் செய்வது போல ஒரு கும்பிடு போட்டாள்! இங்கே 'ஷல்' இருப்பது சட்டப் புத்தகத்திலும், 'ஷல் வீ?' என்று கிளம்பக் கூப்பிடும்போதும்தான்.

அதே சமயம் 'குட்', 'வுட்' இரண்டுக்கும் இங்கே உள்ள மரியாதையைப் பார்க்க வேண்டும். வந்த புதிதில் காபிக் கடையில் "ஐ வான்ட் ஒன் காபி" என்பேன். கொடுப்பார்கள், முகத்தில் சிரிப்பு இருக்காது. நமக்கு 'ஒரு காபி கொடுங்க' என்றால் அந்த 'ங்க'விலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது. இவர்களுடைய 'கிவ்' என்ற சொல்லில் 'ங்க' ஒட்டவைக்க இடமே இல்லை. அதனால் மரியாதையை முன்னாலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள், "குட் ஐ கெட் எ காபி" என்று. 'கேன்' என்பதன் இறந்தகாலம்தான் 'குட்' என்று படித்த எனக்கு, நாளைக் காலைக் காபிக்கு எதற்கு இறந்தகாலம் என்று குழப்பம். கொஞ்சம் தள்ளி நின்று கேட்பதுதான் பணிவாம். பழகிவிட்டது. உங்கள் மாப்பிள்ளையிடம்கூட "வுட் யூ ப்ளீஸ் குப்பையை எடுத்து வைங்க" என்கிறேன். மரியாதை இரண்டு பக்கமும் இருந்தும் குப்பை அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் 'ஷுட் ஹாவ்' பாடம். செய்திருக்க வேண்டியது, செய்யாமல் விட்டது, அதைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதச் சொன்னார்கள். குடை எடுத்துப் போயிருக்க வேண்டும், சீக்கிரம் தூங்கியிருக்க வேண்டும் என்று இரண்டு எழுதினேன். மூன்றாவதாக, 'ஐ ஷுட் ஹாவ் கம் ஹோம் இன் மே'. ஆச்சி போனபோது டிக்கெட் விலையையும் புது வேலையில் லீவையும் கணக்குப் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். நீங்களும் 'வர வேண்டாம்மா' என்றுதான் சொன்னீர்கள். டீச்சர் அந்த வாக்கியத்துக்கு ஒரு டிக் போட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விட்டார். இலக்கணத்தில் பிழை இல்லையே.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வரியையே தமிழில் சொல்லிப் பார்த்தேன். வந்து, இருக்க, வேண்டும். அவர்களுடையது ஷுட், ஹாவ், கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே தலைகீழ்! இன்னும் நீளமாக ஒன்றைப் பிடித்தேன்: 'மைட் ஹாவ் பீன் கமிங்'. நம்முடையது 'வந்துகொண்டிருந்திருக்கலாம்'. அதையும் பின்னாலிருந்து பிரித்தால் ஒவ்வொரு துண்டும் பொருந்துகிறது. அவர்களுக்குத் துணை முன்னால் போகிறது, நமக்குப் பின்னால் வருகிறது. பதினைந்து வருஷம் இங்கிலீஷ் படித்தும் இது என் கண்ணில் படவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயாவைப் பார்த்தால் சொல்லுங்கள். 'வந்து தொலைந்தான்', 'எழுதித் தள்ளினான்' என்பதில் வரும் தொலை, தள்ளு மாதிரி ஒரு துணை அந்த 23இல் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இத்துடன் உங்கள் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். நானே எழுதியது. 'ஐ வுட் லைக் டு இன்வைட் மை பேரன்ட்ஸ்' என்று ஆரம்பிக்கிறது, ஆறு மாதம் தங்குவீர்கள் என்று போட்டிருக்கிறேன். 'ஷல்' எங்கேயும் இல்லை. சிவப்புப் பேனாவை எடுப்பீர்கள் என்று தெரியும், எடுங்கள். ஆனால் திருத்தியதை விண்ணப்பத்தோடு வைத்துவிடாதீர்கள். நான் கையெழுத்துப் போட்டது ஈமெயிலில் தனியாக வரும், அதைத்தான் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுக்க வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்